மாவுக்கட்டும் எம்.சி.ஆர். செருப்பும்

தமிழ்நாட்டின் கடைவீதிகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு கிடைக்கும்’ என்ற அறிவிப்பைப் பார்க்காதவர்கள் குறைவு. குதிகால் வலிக்காரர்கள், சர்க்கரை நோயாளிகள், நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் ஜவுளிக்கடைப் பணியாளர்கள் என்று பலரும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். மெத்தென்று இருக்கும், அடி தடிமனாக இருக்கும், அழகு என்று சொல்லிவிட முடியாது. அது முதலில் யாருடைய காலுக்காகத் தைக்கப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலும் கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இரண்டு தலைமுறைக்கு முன்பு தெரிந்தவர்கள் அதைத் தொடவே தயங்கினார்கள். அது தொழுநோயாளிகளின் செருப்பு.

வேலூரிலும், காட்பாடியை அடுத்த கரிகிரியிலும் நடந்த நீண்ட தேடலின் பலன் அது. ஆறாத பாதப்புண்ணுக்கு மாவுக்கட்டு, நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கம், நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பது என்று இன்றைய சர்க்கரை நோய்ப் பாத மருத்துவத்தின் அடிப்படைகள் பலவும் தொழுநோயாளிகளின் கால்களில் கற்றுக்கொண்டவைதாம். மருத்துவ நூல்கள் அந்தக் கடனை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது ஒரு வரியில் அடங்குகிற கதை இல்லை.

கதை கொல்லிமலையில் தொடங்குகிறது. மலைமேல் வாழவந்தியில் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி கிறித்தவ ஊழியம் செய்துவந்தார்கள். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். வெப்ப நாடுகளின் நோய்களைப் பற்றிக் குறுகிய காலப் பயிற்சி எடுத்தவர். அந்த மலைக்கு அதுவே பெரிய மருத்துவமாக இருந்தது. அவரிடம் வந்தவர்களில் பலருக்குக் காலில்தான் தொல்லை. அன்று மலை மக்களை வாட்டியது நரம்புச் சிலந்தி. குடிநீரோடு உள்ளே போகும் அந்தப் புழு, ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் கணுக்காலிலோ பாதத்திலோ கொப்புளம் கட்டி வெளியே தலைநீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோய் உள்ளே சீழ் வைக்கும். குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பொறுமையாக எடுக்க வேண்டும். இந்தியாவில் அந்த நோயின் கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அதன் பெயரே தெரியாது என்பது நல்ல செய்தி.

1914இல் அந்தத் தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்டுக்கு இந்தக் கால்களைப் பார்த்த நினைவு கடைசிவரை இருந்தது. ஒருநாள் புண் நிறைந்த பாதங்களோடு மூன்று பேர் வீட்டு முற்றத்துக்கு வந்ததையும், எந்த நோயாளியையும் தயங்காமல் தொடும் தந்தை அன்று மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் காலைக் கழுவிக் கட்டுப் போட்டதையும், பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது என்று தடுக்கப்பட்டதையும் அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை கொல்லிமலையிலேயே கடும் மலேரியாவில் இறந்தார். தாய் எவ்லின் இந்தியாவிலேயே தங்கி, முதுமையிலும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மலையூர்களைச் சுற்றிவந்தார். மகன் முதலில் கற்றது கட்டட வேலையும் தச்சு வேலையும். மருத்துவம் அதற்குப் பிறகுதான் வந்தது. மரத்தையும் கல்லையும் பழகிய கை, எலும்பையும் தசைநாணையும் கையாளும்போது அந்தப் பழக்கம் வெளிப்பட்டது என்றே தோன்றுகிறது.

1946இன் இறுதியில் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். சில மாதங்களில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருந்த ராபர்ட் காக்ரேன் தோல் மருத்துவத்தில் பேர்பெற்றவர். தொழுநோய்க்குப் புதிதாக வந்த சல்போன் மருந்துகளை இந்தியாவில் முன்னோடியாகச் சோதித்தவர். மடங்கிய விரல்களையும் குறைபட்ட பாதங்களையும் பார்த்த பிராண்ட் காரணம் கேட்டார். தோலைப் பற்றித் தன்னிடம் கேட்கலாம், எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது எலும்பு மருத்துவர் என்று காக்ரேன் திருப்பிவிட்டார். அதுவரை எலும்பு மருத்துவர்கள் யாரும் இந்த ஊனத்தைப் பொருட்படுத்தி ஆராயவில்லை என்ற குத்தலும் அந்தப் பதிலில் இருந்தது.

அன்றைய நம்பிக்கை இதுதான்: தொழுநோய் உடம்பின் சதையை அரிக்கிறது, அதனால் விரல்கள் உதிர்கின்றன, பாதம் அழுகுகிறது. மருத்துவர்களும் ஏறக்குறைய இப்படியே நினைத்தார்கள். ‘கெட்ட சதை’யில் அறுவை செய்தால் ஆறாது என்று கத்தியை எடுக்கவும் அஞ்சினார்கள். பாதத்தில் குழிப்புண் வந்தவருக்கு மருந்து வைத்துக் கட்டுவார்கள். ஆறவில்லை என்றால் காலை எடுப்பார்கள்.

இறந்த நோயாளி ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது பிராண்டுக்கு ஒரு துப்பு கிடைத்தது. நரம்புகள் எல்லா இடத்திலும் பாதிக்கப்பட்டிருக்கவில்லை. தோலுக்கு மிக அருகில் ஓடும் சில இடங்களில் மட்டும் வீங்கித் தடித்திருந்தன: முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டருகே, முழங்காலின் வெளிப்புறம், கணுக்காலின் உட்புறம். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும்; உடம்பின் ஆழத்தைவிடத் தோலோரம் வெப்பம் குறைவு. கணுக்காலின் உட்புறத்தில் ஓடும் நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்துப்போகும். முழங்காலின் வெளிப்புற எலும்பைச் சுற்றி வரும் நரம்பு கெட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாது. நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டும், விழாமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்பிழைகளும் சேர்ந்தே கெடுவதால் தோல் வறண்டு, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகப் பிளக்கும்.

அப்படியானால் சதைக்கு என்ன ஆகிறது? அதற்கு விடை கிடைத்தது வேலூர்க் கல்லூரி வளாகத்தில் 1951இல் தொடங்கிய நவஜீவ நிலையத்தில். மடங்கிய விரல்களை நிமிர்த்தப் பிராண்டிடம் கையில் அறுவை செய்துகொண்ட இளைஞர்கள் அங்கே தங்கித் தொழில் பழகினார்கள். அவர்களுக்கு வந்த ஒவ்வொரு காயத்துக்கும் காரணத்தைத் துருவித் தேடுவது என்று பிராண்டின் குழு முடிவுசெய்தது. தேடத் தேட, எந்தக் காயமும் தானாக வரவில்லை என்று தெரிந்தது. சுடுபாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியவர், விளக்குத் திரியைத் திருகும்போது சூடான கண்ணாடியில் கைபட்டவர், ஆணி ஏறிய செருப்போடு நாள் முழுக்க நடந்தவர். இரவு இருந்த விரல்நுனி காலையில் காணாமல் போன மர்மத்துக்கும் விடை கிடைத்தது. ஒருவர் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார். தூங்குபவரின் மரத்த விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. வலித்தால் அல்லவா விழிப்பார்? அதன் பிறகு அங்கிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் பூனை மருந்துச்சீட்டில் ஏறிய இடம் வேறு இருக்கிறதா, சந்தேகம்தான்.

ஆக, தொழுநோயாளியின் சதையில் தனிக் கேடு எதுவும் இல்லை. காயம் பட்ட இடத்துக்கு ஓய்வு கொடுத்தால் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே அவருக்கும் ஆறியது. வலி தெரியாததால் அந்த ஓய்வு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளங்காலில் ஒரு சிறு கல் உறுத்தினால் மற்றவர்கள் இரண்டாவது அடியிலேயே நின்று செருப்பை உதறுவார்கள். நெடுந்தூரம் நடந்து முன்பாதம் கன்றிப்போனால் தம்மை அறியாமலே பாரத்தைக் குதிகாலுக்கோ ஓரத்துக்கோ மாற்றிக்கொள்வார்கள். மரத்த காலுக்கு இந்த மாற்றம் தெரியாது. முதல் மைலில் எப்படி அழுந்தியதோ அப்படியே கடைசி மைலிலும் அதே இடத்தில் அழுந்தும். அங்கே தோல் தடித்துக் காய்க்கும். காய்ப்புக்கு அடியில் நீர் கோக்கும், பிறகு சீழ். காய்ப்பு உடைந்து புண் வெளியே தெரியும்போது உள்ளே எலும்புவரை போயிருக்கும்.

இந்தப் புண்ணுக்குச் சரியான மருந்து முன்பே கொழும்பில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இலங்கைத் தமிழ் மருத்துவக் குடும்பத்தில் பிறந்து அங்கே அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கிய மில்ராய் பால், 1930களில் தொழுநோயாளிகளின் பாதப்புண்ணுக்கு எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டைப் போட்டுப் பார்த்தார். அதே காலத்தில் இந்தியாவில் கான் என்ற மருத்துவரும் அந்த வழியில் சென்றார். புண்ணை மூடி வைக்கலாமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாதத்தின் மேடுபள்ளத்தை ஒட்டி, முழங்காலுக்குக் கீழ்வரை இறுக்கமில்லாமல் படியும் கட்டு, ஓரிடத்தில் குவியும் பாரத்தைப் பாதம் முழுவதற்கும் பகிர்ந்துவிடுகிறது. ஒரு பங்கைக் கெண்டைக்கால் வாங்கிக்கொள்கிறது. கணுக்கால் மடங்காததால் முன்பாதத்தை ஊன்றி உந்தும் விசையும் குறைகிறது, வீக்கம் வடிகிறது. நோயாளி படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் படுத்திருக்க முடியாத ஏழைக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் ஏது? ஆண்டுக்கணக்கில் ஆறாத புண் சில வாரங்களில் ஆறியது. பிராண்ட் வேலூரில் இந்த முறையைக் கைக்கொண்டார்.

சிக்கல் கட்டைப் பிரித்த பிறகு வந்தது. புண் ஆறி வீட்டுக்குப் போனவர் அடுத்த சில மாதங்களில் அதே இடத்தில் அதே புண்ணோடு திரும்பிவந்தார். ஒருவர் இருவர் அல்லர், கூட்டம் கூட்டமாக.

அதனால் தேடல் செருப்புக்குத் திரும்பியது. வேலூரைச் சுற்றி ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நாடறிந்த தோல் பதனிடும் ஊர்கள். ஆனால் அங்கே கிடைத்த எந்தச் செருப்பும் இந்தக் காலுக்கு உதவவில்லை. தோல் செருப்பில் ஆணி இருந்தது. ஆணி மேலே வந்தால் மரத்த காலுக்குத் தெரியாது. தடித்த தோல் வியர்வையில் நனைந்து காய்ந்து, விறைத்துக் கல்லாகிவிடும். கட்டைவிரல் இடுக்கில் வார் போகும் செருப்பு அந்த இடுக்கை அறுத்துவிடும். போதாததற்கு, உணர்ச்சி இல்லாதவருக்குச் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாது. மரக்கட்டைக் காலணி, மெழுகில் பாதத்தின் அச்சு எடுத்து வார்த்தது, பிளாஸ்டிக் என்று பலவற்றையும் சோதித்தார்கள். காலணி செய்யும் தொழில்நுட்பர்கள், இயன்முறை மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள் எல்லோரும் இதில் இறங்கினார்கள். 1955இல் ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் கரிகிரியில் தொடங்கியபின் அதுவே இந்த வேலையின் பட்டறை ஆனது. பிராண்டுக்குப் பின் அதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃப்ரிச்சி.

கடைசியில் கைகொடுத்தது ரப்பர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த நுண்துளை ரப்பர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே எம்.சி.ஆர். சாதாரண ஸ்பாஞ்சை மிதித்தால் அடியோடு நசுங்கித் தரை காலில் படும். இது பாதி அமுங்கி, அங்கேயே நின்று தாங்கும். ரப்பரின் கடினத்தை அளக்க ‘ஷோர்’ என்று ஓர் அளவு உண்டு. இந்தச் செருப்புக்கு ஏறத்தாழ 15 பாகை ஷோர் வேண்டும் என்று வகுத்தார்கள். அதற்குக் கீழே முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி ரப்பர் அடிப்பகுதி. ஆணி கிடையாது, ஒட்டியும் தைத்தும் செய்ய வேண்டும். விரலிடுக்கு வார் கிடையாது. மேலே அகலமான பட்டை, குதிகாலுக்குப் பின்னே ஒரு வார். பார்ப்பதற்கு எளிய பொருள். ஒவ்வொரு வாருக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய புண் இருக்கிறது.

பாதத்தைத் தூக்க முடியாதவர்களுக்குச் செருப்பு போதாது. அவர்களுக்கு அறுவை. கணுக்காலை உள்பக்கமாக இழுக்கும் தசை பெரும்பாலும் கெடாமல் இருக்கும். அதன் நாணை அதன் இடத்திலிருந்து விடுவித்து, பாதத்தின் மேற்புறத்துக்குக் கொண்டுவந்து பொருத்தினால் அதே தசை பாதத்தை மேலே தூக்கும். மூளைக்குப் புது வேலையைப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஆனால் தரையைத் தட்டித் தட்டி நடந்தவர் மறுபடி குதிகாலை ஊன்றி நடப்பார்; விரல்களும் பாதத்தின் வெளி ஓரமும் அடிபடுவது நிற்கும்.

செருப்பு வெற்றிபெற்றது, ஆனால் இன்னொரு விதத்தில் தோற்றது. அந்தக் கறுப்புச் செருப்பைப் போட்டவர் தெருவில் இறங்கினாலே ஊருக்குத் தெரிந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவார். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள். நோய் மருந்தில் குணமாகிவிட்டாலும் நரம்பு திரும்பாது, அதனால் செருப்பு ஆயுளுக்கும் வேண்டும். அது ஆயுளுக்கும் ஒட்டிய முத்திரையாகவும் ஆகியது. பலர் மருத்துவமனைக்கு வரும் நாளில் மட்டும் அதை மாட்டிக்கொண்டு வந்தார்கள். பிற்பாடு நிறத்தையும் வடிவத்தையும் மாற்றிக் கடைச் செருப்புபோலவே செய்யத் தொடங்கிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. மருத்துவர்கள் முதலிலேயே இதை யோசித்திருக்க வேண்டும் என்பது பின்னாளில் சொல்ல எளிது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: போடாத செருப்பு எவ்வளவு மெத்தென்று இருந்தால் என்ன?

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் இருந்த அரசு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் அனுபவத்தால் அறிந்ததை அங்கே கருவிகளால் நிரூபிக்க முடிந்தது. எலியின் பாதத்தில், தோலைக் காயப்படுத்தாத அளவு லேசான அழுத்தத்தை ஒரு பொறியால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை கொடுத்தார்கள். சில நாட்களில் வீக்கம், சிவப்பு, பிறகு புண். ஒரே அடியில் கிழிவது, இறுக்கமான காலணியில் மணிக்கணக்காக ரத்தம் ஓடாமல் சதை சாவது என்ற இரண்டு வழிகளோடு, சாதாரண நடையே திரும்பத் திரும்பச் சேர்ந்து புண்ணாகும் மூன்றாவது வழியும் உறுதியானது. மூன்றில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் ‘எதுவுமே படவில்லையே’ என்று நோயாளி உண்மையாகவே சொல்வார். அழுத்தம் பட்ட இடத்தில் உடைந்து சாயம் கசியும் நுண்ணுருண்டைகளை வைத்துக் காலுறையும் செய்து பார்த்தார்கள். எந்த இடம் வெளுக்கிறது, எது நிறம் மாறுகிறது என்று பார்த்தே அடுத்த புண் எங்கே வரும் என்று சொல்ல முடிந்தது. புண் வருமுன் அந்த இடம் சூடாகிறது என்பதும் அங்கே தெளிவானது. இன்று இரு பாதங்களிலும் ஒரே இடத்தை அளந்து, சுமார் 2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடு இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் தொழுநோயாளிகள் சில ஆயிரம் பேர்தான். சர்க்கரை நோயாளிகளோ அன்றே லட்சக்கணக்கில். அவர்கள் காலில் வரும் புண் முழுக்க ரத்த ஓட்டக் குறைவால் வருகிறது, காலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்பது அன்று பல மருத்துவர்களின் எண்ணம். அந்தக் கால்களைப் பார்த்த பிராண்டுக்குச் செங்கல்பட்டு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதே இடங்களில், அதே காய்ப்புக்கு அடியில், அதே குழி. ரத்த ஓட்டம் குறைவதும் ஒரு காரணம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பங்கு மரத்துப்போன கால்களுடையது. அட்லாண்டா நகரில் கிரேடி நினைவு மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவை நடத்திய ஜான் டேவிட்சன் முதலில் இதை நம்பவில்லை. தங்கள் நோயாளிகளுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை என்று நினைத்தார். பிறகு வருகிற ஒவ்வொருவரையும் காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் சொல்லாத புண்கள் அங்கே இருந்தன. பாதத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய பின் அங்கே கால் அகற்றும் அறுவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. செலவில்லாத மருத்துவப் புதுமை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் காலணியைக் கழற்றச் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும்.

நைலான் இழையும் கார்வில்லின் கொடைதான். 10 கிராம் விசையில் வளையும் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தெரியவில்லை என்றால் அந்தக் கால் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வை இழந்துவிட்டது என்ற எல்லைக்கோடு 1980களில் அங்கே வகுக்கப்பட்டது. 1992இல் அதே நிலையம் கால் அகற்றுவதைத் தடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆண்டுக்கொரு முறை இழைச் சோதனை, நோயாளிக்குப் பயிற்சி, தினமும் பாதத்தைப் பார்ப்பது, சரியான காலணி, சிறு தொல்லைகளை அப்போதே கவனிப்பது. வேலூர் வளாகத்தில் படித்த பாடங்கள்தாம் அட்டவணையாகியிருந்தன.

அவை சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்கே திரும்பின. சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர்களும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் சேர்ந்து வெவ்வேறு அடித்தளங்கள் கொண்ட காலணிகளை ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில் எம்.சி.ஆரும் ஒன்று. சிறப்புக் காலணி அணிந்தவர்களுக்குப் புதுப் புண் மிகக் குறைவாகவும், சொந்தச் செருப்பிலேயே நடந்தவர்களுக்குப் பல மடங்கு அதிகமாகவும் வந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு சொல்கிறது. தொழுநோயாளிகளுக்காகத் தைத்த செருப்பைக் கூச்சமில்லாமல் மாட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் இன்று அவர்களே.

ஆனால் செருப்பு ஏறிய அளவுக்கு மற்ற பாடங்கள் வீடுகளுக்குள் ஏறவில்லை. நம்மிடம் செருப்பைக் கழற்றும் இடங்கள் அதிகம். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு சுற்றிவந்து, மாலையில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வரும் சர்க்கரை நோயாளிகளை மருத்துவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். மரத்த காலுக்கு இதம் என்று வெந்நீரில் வைத்துப் பொசுக்கிக்கொள்கிறவர்கள் உண்டு; நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பார்க்க வேண்டும். கால் ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கும் பட்டையில் இருப்பது தோலைக் கரைக்கும் அமிலம்; மரத்த காலில் அது ஆணியோடு நிற்காது. சேற்றுப்புண் விரலிடுக்கில் ஈரம் தங்குவதால் வருவது, குளித்தபின் இடுக்குகளைத் துடைத்தாலே பாதி குறையும். பித்தவெடிப்புக்குக் கரிகிரியில் சொல்லிக்கொடுத்த வைத்தியம் இன்றும் செல்லும்: சாதாரண நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து எடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவுவது.

கணுக்காலைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வலியுணர்வு இழந்த காலில் எலும்புகள் சத்தமில்லாமல் நொறுங்கும் நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1868இல் விவரித்தார். சர்க்கரை நோயாளிகளுக்கும் அது வரும் என்பது 1936இல் பதிவானது. தொழுநோயாளிகளின் கணுக்காலிலும் கரிகிரி மருத்துவர்கள் அதையே கண்டார்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருக்கும், வலி குறைவு அல்லது இல்லவே இல்லை. நம் ஊரில் அதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். உடைந்துகொண்டிருக்கும் எலும்புகளை உருவினால் பாதம் நிரந்தரமாகக் கோணிவிடும். அங்கே வேண்டியது நடப்பதை உடனே நிறுத்துவதும் மாவுக்கட்டும்.

கடையில் எம்.சி.ஆர். என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் அந்த 15 பாகை ரப்பர் அல்ல. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி, முழுக்க நசுங்காமல் மீள வேண்டும். குதிகாலுக்குப் பின்னே வார் இருக்கட்டும். காலையில் வாங்காமல் பாதம் சற்றே தடித்திருக்கும் மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கரை இருக்கிறவர்கள் அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக் காட்டுங்கள்; பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.